பழி மட்டும் கம்ப்யூட்டருக்கு

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிப் பேச்சு எடுத்தாலே (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அதுதான்) "அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் கெடுத்துவிட்டது" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை.

நூற்றுக்கு மேல் அணிகள். ஒரு சீசனில் ஓர் அணிக்குக் கிடைப்பது பன்னிரண்டு சொச்சம் ஆட்டம். ஐபிஎல் மாதிரி எல்லோரும் எல்லோரோடும் மோத வழியில்லை. அப்புறம் தேசிய இறுதியில் மோதும் முதல் இரண்டு இடம் யாருக்கு? 1998 முதல் 2013 சீசன் வரை பிசிஎஸ் என்ற முறை அதைச் சொன்னது. பயிற்சியாளர்கள், பத்திரிகையாளர்கள் போன்றோரின் வாக்கெடுப்புகளையும் கம்ப்யூட்டர் தரவரிசைகளையும் சேர்த்து ஒரு கூட்டல்.

2001ல் நெப்ராஸ்கா கொலராடோவிடம் 62-36 என்று உதை வாங்கியது. தன் கான்ஃபரன்ஸ் (அணிகளின் வட்டாரக் கூட்டமைப்பு) இறுதிக்கே போகவில்லை. ஆனால் தேசிய இறுதிக்குப் போனது; அங்கே மயாமியிடம் 37-14. இரண்டு வாக்கெடுப்பிலும் இரண்டாவதாக இருந்த ஆரகன் அணிக்கு அந்த இறுதியில் இடமில்லை. கோபம் நியாயம்தான். ஆனால் அடுத்து என்ன செய்தார்கள்? எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள் என்பதைக் கம்ப்யூட்டர்கள் பார்க்கவே கூடாது என்று 2002ல் தடை. ஒரு புள்ளியில் ஜெயித்தாலும் நாற்பதில் ஜெயித்தாலும் ஒன்றே! வித்தியாசத்தைச் சேர்த்துப் போடும் பட்டியல்தான் நன்றாகக் கணிக்கும் என்று, அந்தக் கம்ப்யூட்டர் பட்டியல்களில் ஒன்றைப் போட்ட ஜெஃப் சாகரின் தன் இணையப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தார். யார் கேட்டது? கண்ணைக் கட்டிவிட்டு, தடுக்கி விழுந்ததும் திட்டினார்கள்.

2003ல் இரண்டு வாக்கெடுப்பிலும் முதலிடத்தில் இருந்த யுஎஸ்சி, கூட்டலில் மூன்றாவது. உடனே சூத்திரத்தை மாற்றி, கம்ப்யூட்டர் பங்கை மூன்றில் ஒன்றாக்கினார்கள்.

கடைசியில் இருந்த ஆறு கம்ப்யூட்டர்களில் தன் சூத்திரத்தை முழுசாக வெளியிட்டவர் வெஸ் கோலி ஒருவர்தான் (விராட் இல்லை, இவர் வானியற்பியல்காரர்). அடிப்படை எளிது. வெற்றியோடு ஒன்று, ஆட்டத்தோடு இரண்டு கூட்டி வகுக்க வேண்டும். பன்னிரண்டில் பதினொன்று ஜெயித்தால் 12/14. பிறகு எதிரணிகளின் பலத்துக்கு ஏற்பத் திருத்தம். 2010ல் இவர் கணக்கில் வெஸ்டர்ன் இலினாய், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற இரண்டு சின்ன அணிகள் ஆடிய ஒரே ஓர் ஆட்டம் விட்டுப்போனது. அதனால் எல்எஸ்யூ பத்தாவது, பாய்ஸி ஸ்டேட் பதினொன்றாவது என்று பட்டியல் வந்துவிட்டது. ஜெர்ரி பாம் என்ற ஆய்வாளர் தானே கணக்குப் போட்டுப் பார்த்துப் பிழையைப் பிடித்தார். இரண்டு அணிகளும் இடம் மாறின. இதையும் கம்ப்யூட்டரின் அவமானமாகத்தான் எழுதினார்கள். எனக்கென்னவோ அந்த முறைக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடையாது என்று தோன்றுகிறது. மற்ற ஐந்தில் எது விட்டுப்போயிருந்தாலும் வெளியே இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

சரி, 2014லிருந்து கம்ப்யூட்டரை ஓரங்கட்டிவிட்டு ஒரு குழுவை உட்கார வைத்தார்கள். 2023ல் பதிமூன்று ஆட்டம் ஆடிப் பதிமூன்றும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டை அந்தக் குழு ஐந்தாவது இடத்தில் வைத்தது. அப்போது பட்டத்துக்கான கடைசிச் சுற்றுக்குள் போனது நாலு அணிதான். குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) கால் உடைந்துவிட்டதாம், இனி பழைய அணி இல்லையாம். ஒரு தோல்வி கண்ட அலபாமா நாலாவது.

அந்த ரசிகர்கள் எந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்பார்கள்?