அபராதப் பணம் யாருக்குப் போகிறது?

"அமெரிக்காவில் ஆலைகள் மீது வழக்குப் போடும் சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனங்கள், அபராதத்தில் பங்கு வாங்கிக் கொழிக்கின்றன" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

அங்கே 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி பொதுமக்களும் அமைப்புகளும் வழக்குப் போடலாம். 60 நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஜெயித்தாலும் அபராதம் அரசுக் கருவூலத்துக்குத்தான் போகும்.

லெயிட்லா வழக்கைப் பாருங்கள். தென் கரோலினாவில் அந்த நிறுவனத்தின் கழிவு எரிப்பு ஆலை, 1987 முதல் 1995 வரை பாதரச வரம்பை 489 முறை மீறி நார்த் டைகர் ஆற்றில் கழிவுநீரை விட்டது. நானூற்று எண்பத்தொன்பது! விசாரணை நீதிமன்றம் விதித்த அபராதம் 4,05,800 டாலர், அதுவும் அரசுக்கு. அக்கம்பக்கத்து மக்களின் குறை வேறு: மீன் பிடிக்கவும் நீந்தவும் பயந்து ஆற்றைவிட்டே ஒதுங்கியிருந்தார்கள். அவர்கள் சார்பில் அமைப்புகள் வழக்குப் போடலாம் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, இந்த வதந்தி எங்கிருந்து முளைத்திருக்கும்? வழக்கறிஞர் கட்டணத்தை எதிர்த்தரப்பு தரவேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். அதைத்தான் குழப்பிக்கொண்டிருப்பார்கள் என நினைக்கிறேன். அதுகூட எத்தனை மணிநேர வேலை, அது நியாயமானதா என்று நீதிபதி பார்த்த பிறகுதான்.