பழத்தைத் திட்டுங்கள், கையைக் கழுவிவிட்டு

ஒருவர் வாழைப்பழம் தின்று, உடனே விரலில் குத்தி, ரத்தச் சர்க்கரை 238 என்று மீட்டரில் காட்டி, பழம் வேண்டாம், அரிசி வேண்டாம், ஒரு மாதத்தில் நீரிழிவு மாத்திரையைத் தூக்கி எறியலாம் என்கிறாரே, அந்த வீடியோவை இன்று காலைவரை அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். அதன் கீழே நான் எழுதிய நான்கு வரிக்கு வந்த பதில்களையும் படித்தேன். "மாத்திரை கம்பெனி ஏஜென்ட்" என்று ஒரு பட்டம் கிடைத்திருக்கிறது. கம்பெனிதான் எது என்று யாரும் சொல்லவில்லை, சம்பளம் கேட்கலாம் என்றிருந்தேன். நான்கு வரி புரியவில்லை என்பதால் இங்கே நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 238. வெட்டே இல்லாமல் எடுத்த வீடியோ என்பது அவருடைய பெருமை. சிக்கலே அங்கேதான். பழத்தை உரித்து, தின்று, விரலில் குத்தி, மீட்டரைக் காட்டியதெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதற்குள் பழம் இரைப்பையைத் தாண்டியிருக்காது. ரத்தத்தில் ஏற்றம் தெரியவே பத்து, பதினைந்து நிமிடமாவது ஆகும். உச்சத்துக்குப் போக பெரும்பாலும் ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். அப்படியானால் 238 எங்கிருந்து வந்தது? சாப்பிடும் முன்பே அந்த அளவு இருந்திருக்கலாம், அதை அவர் பார்க்கவே இல்லை. அல்லது விரலில் ஒட்டியிருந்த பழச்சாறு. மீட்டருக்குத் தேவைப்படும் ரத்தம் ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவு. அதில் துளி இனிப்பு கலந்தாலும் எண் எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை துடைத்தால் போய்விடாது. தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் குத்த வேண்டும். கழுவ வழியில்லையென்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை வையுங்கள். இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு அந்தப் பட்டம்.

சரி, பழத்துக்கே வருவோம். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 27 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, அதில் 3 கிராம் நார். (மாவுச்சத்து என்று நான் எழுதுவது சர்க்கரை, ஸ்டார்ச், நார் எல்லாம் சேர்ந்த மொத்த கார்போஹைட்ரேட்டை.) வெந்த சோறு 100 கிராமில் 28 கிராம். அதாவது ஒரு பழமும் ஒரு சின்னக் கரண்டிச் சோறும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தட்டில் 300 கிராம் சோறு வைத்தால் 84 கிராம். அதன் மேல் பழம் வைத்தால் 111. இங்கே குற்றவாளி யார்? பழமா, சோறா, இல்லை மொத்தக் கணக்கா?

எத்தனை கிராம்? இது ஒன்றுதான் என் கேள்வி. உணவின் பெயரைச் சொல்லாதீர்கள். எத்தனை கிராம் என்று சொல்லுங்கள்.

"அரிசியை விட்டு கோதுமைக்கு மாறுங்கள்" என்கிறார். சமைக்காத அரிசி 100 கிராமில் 80 கிராமை ஒட்டி மாவுச்சத்து. கோதுமை மாவில் 72 முதல் 76 வரை. ஓட்ஸில் 66. நார் கூடுதலாக இருப்பதால் முழுக் கோதுமையும் ஓட்ஸும் கொஞ்சம் மெதுவாக ஏறும், அதை மறுக்கவில்லை. ஆனால் கோதுமைக்கு மாறிவிட்டோம் என்ற தைரியத்தில் ஒன்றரை மடங்கு சாப்பிட்டால் மாறியதே வீண். இன்னொரு குழப்பம்: சமைக்காத அரிசியின் எண்ணையும் வெந்த கோதுமை உணவின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். தண்ணீர் குடித்து வெந்த உணவின் எடை இரண்டு மூன்று மடங்காகும். சமைக்காததைச் சமைக்காததோடும், வெந்ததை வெந்ததோடும் மட்டுமே ஒப்பிட வேண்டும்.

"சர்க்கரைக்குப் பதில் தேன்." ஒரு தேக்கரண்டி தேனில் ஏறக்குறைய 6 கிராம் மாவுச்சத்து. ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் 4 கிராம். இயற்கை என்பதால் கணையம் தள்ளுபடி எதுவும் தராது.

"அப்போ கிளைசெமிக் இண்டெக்ஸ் பொய்யா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். பொய்யில்லை. 1981-ல் டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு கொடுத்த அளவுகோல் அது. உடல் செரிக்கக்கூடிய 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ரத்தச் சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். வெறும் குளுக்கோஸ் ஏற்றுவதை 100 என்று வைத்து ஒப்பிடுவார்கள். 55-க்குக் கீழே குறைவு, 70-க்கு மேலே அதிகம். சில பட்டியல்களில் தர்பூசணி 70-ஐத் தாண்டும். உடனே அதற்கும் தடையா? 50 கிராம் மாவுச்சத்து கிடைக்க அரை கிலோவுக்கு மேல் தர்பூசணி தின்ன வேண்டும். 120 கிராம் துண்டில் இருப்பது 9 கிராம்தான். அதனால்தான் இண்டெக்ஸை மாவுச்சத்து கிராமால் பெருக்கி நூறால் வகுத்து, கிளைசெமிக் லோடு என்று பார்க்கிறார்கள். இந்தத் துண்டுக்கு 7-க்குள் வரும். 10-க்குள் இருந்தாலே குறைவு. மறுபடி அதே இடம்தான்: எத்தனை கிராம்?

எப்படிச் செய்வது என்று உண்மையாகவே கேட்டவர்களுக்கு. சமையல் தராசு ஒன்று வாங்குங்கள். வழக்கமாக வைக்கும் சோற்றைக் குறைக்காமல், நடிக்காமல், அப்படியே எடை போடுங்கள். முதல் நாள் அதிர்ச்சி நிச்சயம். பிறகு வேளைக்கு 45 கிராம் மாவுச்சத்திலிருந்து தொடங்கிப் பார்க்கலாம். வெந்த சோறு என்றால் 160 கிராம். பருப்பு, பால், உருளைக்கிழங்கு, பழம் எல்லாம் அந்த 45-க்குள்ளேயே வர வேண்டும், மேலே கொசுறு கிடையாது. பால் ஒரு டம்ளர், 240 மில்லி, 12 கிராம். வெந்த உருளைக்கிழங்கு 100 கிராமில் 20. அதைக் காய்கறிக் கணக்கில் சேர்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். காலியான இடத்தைக் கீரை, காய், முட்டை, மீன் என்று நிரப்புங்கள். இல்லாவிட்டால் நான்கு மணிக்குப் பசி வரும், பிஸ்கட் பாக்கெட் திறக்கும். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் சாப்பிட்டால் அதே 45 கிராமுக்கு ஏற்றம் குறைவாக இருக்கும். சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடங்கள்.

சாப்பிடும் முன் ஒரு சோதனை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. கடைசி வாயிலிருந்து அல்ல, முதல் வாயிலிருந்து. சாப்பிட்ட பிறகு 180-க்குள் இருக்க வேண்டும் என்பது நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்களுக்கான பொது இலக்கு. கர்ப்பிணிகளுக்கு இதைவிடக் கண்டிப்பு, முதியவர்களுக்குத் தளர்வு. அதே உணவை வேறொரு நாள் திரும்பச் சாப்பிட்டு மறுபடி பாருங்கள். ஒரே ஓர் எண்ணை வைத்து எந்த உணவுக்கும் தண்டனை கொடுக்காதீர்கள். மீட்டரே 15 சதவீதம் இப்படி அப்படிக் காட்டும், தரவிதிமுறையே அதை அனுமதிக்கிறது.

பாக்கெட் உணவில் "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பின்பக்கம் மொத்தக் கார்போஹைட்ரேட்டைப் பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால், அது கிட்டத்தட்ட குளுக்கோஸ் வேகத்தில் ஏறும்.

இனி கோபக்காரர்களுக்கு. "மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை குறையுமா குறையாதா, நேராகச் சொல்" என்றார் ஒருவர். குறையும் சார். நன்றாகவே குறையும். அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் 2019 அறிக்கையே அதைச் சொல்கிறது. மாவுச்சத்து இல்லாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்ளும் என்பதும் உண்மை. நான் எதிர்க்காததை எதிர்த்ததாக எழுதி, அதற்கு 600 லைக் வாங்கியிருக்கிறீர்கள். வாழ்த்துகள்.

"குணமே ஆகாது என்று பயமுறுத்துகிறீர்கள்" என்பது அடுத்தது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில், நாளுக்கு 850 கலோரியை ஒட்டிக் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் 46 சதவீதம் பேர் மருந்தில்லாமல் நீரிழிவு அளவுக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அது 36 சதவீதம். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள் அவர்கள். உங்கள் வீடியோவில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கிறதா?

எனக்கு உண்மையில் வலிப்பது பழம் இல்லை. "ஒரு மாதத்தில் மாத்திரையைத் தூக்கி எறியலாம்" என்ற கடைசி வரியைக் கேட்டு பாதிப் பேர் மாத்திரையை எறிவார்கள். மீதிப் பேர் மாத்திரையை அப்படியே போட்டுக்கொண்டு சோற்றை மட்டும் எறிவார்கள். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கிளிமெபிரைட், கிளிக்ளசைட், இன்சுலின் இதெல்லாம் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று பார்த்து வேலை செய்வதில்லை. மாவுச்சத்தைத் திடீரென்று வெட்டினால் சர்க்கரை 70-க்குக் கீழே சரியும். முதியவர் என்றால் இரவில் கழிவறைக்கு எழுந்து விழுவார், இடுப்பெலும்பு உடையும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போடுபவர்களுக்கு வேறு ஆபத்து. மாவுச்சத்து மிகவும் குறைந்தால், உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஏறும், ஆனால் மீட்டர் சர்க்கரையை ஏறக்குறைய நார்மலாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்கல் என்று வந்தால், "சர்க்கரை நார்மல்தானே" என்று வீட்டில் படுக்க வைத்துவிடுவார்கள். அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரை போடுகிறேன் என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டிய நேரம் அது.

உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு மருந்தளவைச் சரிசெய்ய வேண்டும். "இதற்கெல்லாம் டாக்டரிடம் ஓட முடியுமா" என்று கேட்கும் அண்ணனுக்கு: போனிலாவது கேளுங்கள், தயவுசெய்து.

அதுவரைக்கும், வீட்டில் யாருக்காவது கை நடுங்கி, வியர்த்து, பேச்சு குழறினால் 15 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். அகார்போஸ் என்ற நீரிழிவு மாத்திரை போடுபவருக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, 70 தாண்டாவிட்டால் இன்னொரு 15 கிராம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.