ஒரு வரியோடு முடியாது
'டிஎல்எல்இம்போர்ட் என்று ஒரு வரி எழுதினால் போதும், சி நூலகத்தில் உள்ள எதையும் சி ஷார்ப்பிலிருந்து அழைக்கலாம்' என்கிறது, சி மொழியில் எழுதிய நூலகங்களை டாட்நெட் தளத்தின் சி ஷார்ப் மொழியில் பயன்படுத்துவது பற்றிய இந்தக் கட்டுரை. நாம் அழைக்கும்வரை சரி. அது நம்மைத் திருப்பி அழைக்கும்போதுதான் வம்பு. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரி எடை போடும் மேடைக்கு நிரல் எழுதினேன். 'எடை நிலைத்ததும் இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு' என்று கருவியின் நூலகத்திடம் ஒரு டெலிகேட்டை, அதாவது அந்தச் செயற்கூற்றைச் சுட்டும் பொருளை, கொடுத்திருந்தேன். நாலு முறை சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. பழக்குலை லோரிகள் வரிசை கட்டும் மதியத்தில் மட்டும் நிரல் பொசுக்கென்று செத்துப்போகும். கிராணி கையால் சீட்டு எழுதிக்கொண்டே என்னை முறைப்பார். விஷயம் இதுதான்: சி நூலகம் முகவரியை மட்டும் வைத்திருக்கிறது, யாரும் பயன்படுத்தாத பொருள்களை நினைவகத்திலிருந்து அகற்றும் டாட்நெட்டின் குப்பை சேகரிப்பான் கண்ணுக்கு அது தெரியாது. என் பக்கம் அந்த டெலிகேட்டை எந்த மாறியும் பிடித்துவைக்கவில்லை. வேலை கூடி நினைவகம் நிரம்பியதும் சேகரிப்பான் அதைக் கூட்டித் தள்ளிவிட்டது. டெலிகேட்டை நிரல் முடியும்வரை இருக்கும் ஒரு ஸ்டாட்டிக் மாறியில் போட்டேன், முடிந்தது. அதை நினைவகத்தில் நகராமல் பிடித்துவைக்கும் 'பின்' (pin) வேலைகூடத் தேவையில்லை. மேலே கருத்து எழுதிய ஒருவர் 'பிழையைப் பிடிக்க ட்ரை கேட்ச் போட்டால் போதுமே' என்கிறார். போட்டுப் பார்த்தேன், இந்தச் சாவு அதில் சிக்காது, முழு நிரலுமே விழும். அப்புறம், கட்டுரையின் உதாரணத்தில் சி-யின் லாங் என்ற முழு எண் வகைக்கு சி ஷார்ப் லாங்கையே போட்டிருக்கிறார்கள். விண்டோஸில் முன்னது 32 பிட், பின்னது எப்போதும் 64. அங்கே 32 பிட் வகையான இன்ட் வர வேண்டும். லினக்ஸிலும் ஓட வேண்டுமென்றால் டாட்நெட் 6-இல் வந்த சிலாங் (CLong) என்ற வகை இருக்கிறது.