லேக் வியூ ரோட்டுல ஏரி எங்கக்கா?

(மேற்கு மாம்பலம், லேக் வியூ ரோடு. இஸ்திரி வண்டி.)

தம்பி: அக்கா, இங்க ஏரி எந்தப் பக்கம்?

அக்கா: எந்த ஏரி?

தம்பி: லேக் வியூ ரோடுதானே இது? பால்கனியில நின்னா தண்ணி தெரியும்னு புரோக்கர் சொன்னாரு. அதுக்குத்தான் வாடகையில மூவாயிரம் கூட.

அக்கா: தெரியும். நவம்பர்ல வா.

தம்பி: ஓ, சீசன் ஏரியா? இப்ப வத்திப்போச்சா? இடத்தை மட்டும் காட்டுங்க, போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பணும்.

அக்கா: அதோ, ரயில் போற சத்தம் கேக்குதா? தண்டவாளத்துக்கு அந்தாண்ட. ஏரி இப்ப டி.நகர்ல புடவை விக்குது.

தம்பி: கடைப் பேரா?

அக்கா: ஏரியேதாம்பா. நுங்கம்பாக்கத்துலேர்ந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீட்டா கிடந்துச்சாம். வெள்ளைக்காரன் லாங் டேங்க்னே பேரு வெச்சிருந்தான். 1923ல வடிக்க ஆரம்பிச்சு, மேடாக்கி, மனை போட்டு, தியாகராய நகர்னுட்டாங்க. இங்கேர்ந்து பாத்தா ஏரி தெரிஞ்சிருக்கும். ஏரி போயிடுச்சு, வியூவை மட்டும் போர்டுல வுட்டுட்டுப் போயிடுச்சு.

தம்பி: உங்களுக்கு எப்படிக்கா இவ்வளவு தெரியும்?

அக்கா: மூணாவது மாடி தாத்தா. ரெண்டு வேட்டி குடுத்தா ஒரு மணி நேரம் சரித்திரம் குடுப்பாரு. வேட்டி மடிச்சு முடிஞ்சாலும் அவரு முடிக்க மாட்டாரு.

தம்பி: இல்லாத ஏரிக்கு எதுக்குக்கா ரோடு?

அக்கா: ரங்கநாதன் தெருவுல போய் ரங்கநாதன் எங்கன்னு கேப்பியா? உஸ்மான் ரோடு, நடேசன் பார்க், பனகல் பார்க், எல்லாம் நீதிக்கட்சிக்காரங்க பேரு. நகரம் போட்டப்ப பனகல் ராஜாதான் முதல் மந்திரி. தியாகராய செட்டியார் கார்ப்பரேஷன் தலைவரா இருந்தவரு. ஆளுங்களுக்கெல்லாம் பார்க்கு, நகருன்னு போச்சு. ஏரிக்கு ஏது ஓட்டு? அதான் அதுக்கு இந்த ஒரு ரோடு.

தம்பி: நுங்கம்பாக்கத்துல 'லேக் ஏரியா'ன்னு ஒரு இடத்துல வீடு இருக்காம். அங்கயாவது...

அக்கா: அங்கயும் இல்ல. வள்ளுவர் கோட்டம் பாத்திருக்கல்ல? 1976ல திறந்தது. அந்த ஏரியிலதான் நிக்குது. தண்ணி வந்தா தள்ளி நிக்கலாம்னா அதுக்கும் வழியில்ல, கல்லுத் தேரு.

தம்பி: சரி, ஏரி இல்லேன்னா வெள்ளமும் வராதுல்ல?

அக்கா: 2021 தீபாவளி நவம்பர் நாலாந்தேதி. டி.நகர் ரோடெல்லாம் ஏழாந்தேதி தண்ணி. கூட்டம் குறையட்டும்னு மூணு நாள் பொறுத்திருந்து ஏரியே ஷாப்பிங் வந்துச்சு. நீ பாத்த வீடு எது?

தம்பி: அந்தப் பச்சை கேட்டு. தரைத்தளம்.

அக்கா: கேட்டோட அடியைக் குனிஞ்சு பாரு.

தம்பி: ...ஏதோ அறுத்து அறுத்து வெல்டு வெச்ச மாதிரி இருக்கு.

அக்கா: எத்தனை இடத்துல?

தம்பி: ரெண்டு.

அக்கா: இந்தக் கேட்டு வெச்சப்புறம் ரெண்டு தடவை ரோடு போட்டிருக்காங்கன்னு எழுதிக்க. ரோடு ஏறுனா கேட்டு தட்டும். வெல்டர் வந்து அடியில ரெண்டு அங்குலம் அறுத்துட்டுப் போவான். இந்தத் தெருவுல கேட்டெல்லாம் குட்டையாயிட்டே வரும், ரோடு வளந்துட்டே வரும். அந்த வீட்டுக்கு முன்னல்லாம் மூணு படி ஏறிப் போவாங்க. இப்ப ரெண்டு படி இறங்கிப் போறாங்க.

தம்பி: பழசைச் சுரண்டிட்டுத்தானே புதுசு போடணும்?

அக்கா: அதுக்கு மில்லிங்னு பேரு. எவ்வளவு சுரண்டுறாங்களோ அவ்வளவுதான் போடணும், ரோடு இருந்த மட்டத்துலயே இருக்கும். சுரண்டுற மிஷின் ராத்திரி வரும்னாங்க. முழிச்சிருந்து பாத்தேன், கொசுதான் வந்துச்சு. விடிஞ்சா வண்டியைத் தள்ளுன்னான். தள்ளினேன். சக்கரத்துக்கு அண்டைக் குடுத்த செங்கல்லை எடுக்கறதுக்குள்ள அதுமேலயே தாரை ஊத்திட்டான். இந்தா, இங்க மேடா இருக்கு பாரு, அது என் செங்கல்லு.

தம்பி: மழைத்தண்ணி வடிகால் இருக்கே?

அக்கா: இருக்கு. அதுக்குள்ள தண்ணி போக ஓரத்துல ஓட்டை வெச்சிருக்கான். காரு ஏத்தணும்னு வீட்டுக்கு வீடு வாசல்ல சிமெண்டை சரிவாப் போட்டு ஓட்டையை மூடியாச்சு. மழை வந்ததும் மூடினவங்களே போன் போட்டு கார்ப்பரேஷனைத் திட்டுவாங்க.

தம்பி: அப்ப வீடு பாக்கறப்ப நான் வேற என்ன பாக்கணும்?

அக்கா: முதல்ல கரண்டு மீட்டர். இடுப்புக்குக் கீழ இருந்தா வேணாம். அப்பால சம்ப்பு, அதான் தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி. மூடி தரையோட தரையா இருந்தா தெருத்தண்ணி நேரா உள்ள இறங்கும். ஒன்றரை அடியாவது சுத்துச்சுவர் தூக்கியிருக்கணும். மோட்டாரும் மேடை மேல இருக்கணும். அப்பால பாத்ரூம். ரோட்டுல சாக்கடை ரொம்பினா போன வழியிலயே திரும்பி வரும். குழாய்ல ஒருவழி வால்வு போட்டிருக்கான்னு கேளு. போடலேன்னா மழைக்கு முந்தின நாளே கோணில மண்ணைக் கட்டி கக்கூஸ் வாயில வெக்கணும். கடைசியா சுவரு. ஃபிரிட்ஜ் வெக்கிற மூலையில மூணு அடி வரைக்கும் மட்டும் பெயிண்டு புதுசா இருந்தா, அது 2015 வெள்ளம்.

தம்பி: சம்ப்புல தண்ணி இறங்கிட்டா?

அக்கா: மொத்தமா இறைச்சு, சேத்தை வாரி, தேய்ச்சு, பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தி ஒரு ராத்திரி ஊறவெச்சு, திரும்ப இறைக்கணும். வீட்டுக்காரரு முதல் வேலையை மட்டும் செஞ்சிட்டு லாரித் தண்ணி வாங்கி ஊத்துவாரு.

தம்பி: இவரு நல்லவருதான்க்கா. அடுத்த வருஷம் தூக்கப் போறேன்னாரு.

அக்கா: வீட்டையா, வாடகையையா?

தம்பி: வாடகைன்னுதான் நெனச்சேன். வீட்டை எப்படித் தூக்குவாங்க?

அக்கா: ஜாக்கி வெச்சு. சுவரோரமா அஸ்திவாரத்தைத் தோண்டி, கொஞ்சம் கொஞ்சமா உடைச்சு, வரிசையா ஜாக்கி சொருகுவாங்க. ஒருத்தன் குரல் குடுப்பான். எல்லாரும் ஒண்ணாத் திருகணும். கொஞ்சம் ஏத்து, நிறுத்து, மட்டம் பாரு, திரும்ப ஏத்து. மூணு நாலு அடி ஏத்திட்டு அடியில செங்கல் கட்டி கான்கிரீட் போடுவாங்க. நடுவுல ஒருத்தன் டீ குடிக்கப் போயிட்டான்னா அந்த மூலையில சுவரு வாயைப் பொளந்துரும்.

தம்பி: அதுக்கப்புறம் தண்ணி வராதுல்ல?

அக்கா: வராது. அடுத்த ரோடு போடற வரைக்கும்.

தம்பி: பேசாம ரெண்டாவது மாடி கேக்கவா?

அக்கா: கேளு. வியூ அங்கேர்ந்துதான் நல்லா இருக்கும்.

தம்பி: ஏரி வியூவா?

அக்கா: தரைத்தளத்துக்காரங்க ஃபிரிட்ஜு, பீரோ, மாமியார் எல்லாத்தையும் தூக்கிட்டு உன் ஹாலுக்கு வர வியூ. கீழ மோட்டார் முழுகிட்டா மேல குழாய்லயும் காத்துதான் வரும். தெரு பூரா தண்ணி, குளிக்க ஒரு சொம்பு இருக்காது.

(தம்பி தள்ளிப்போய்ப் போன் பேசுகிறார். இஸ்திரிப்பெட்டி ஒரு சட்டை முடித்து அடுத்த சட்டைக்குப் போகிறது.)

அக்கா: இன்னா சொல்றாரு புரோக்கரு?

தம்பி: ஏரியே இல்லியே, மூவாயிரத்தைக் குறைங்கன்னேன்.

அக்கா: குறைச்சானா?

தம்பி: முடியாதாம். வேணும்னா நவம்பர், டிசம்பர் ரெண்டு மாசம் மட்டும் சேத்துக் குடுங்கன்றாரு.

அக்கா: பரவால்லியே, நியாயமான ஆளு!