கறுப்புச் சட்டை ஜாப்ஸும் கணக்கு நோட்டு ஜாப்ஸும்

அக்டோபர் 5 வந்துவிட்டால் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பூரா ஸ்டீவ் ஜாப்ஸ்தான். டைல்ஸ் கடைக்காரர், பேக்கரிக்காரர், சோலார் ஏஜென்சி எடுத்திருக்கும் தம்பி, பர்கூரில் மொத்த ஜவுளி வியாபாரம் பார்க்கும் அண்ணன் என்று ஆளாளுக்கு அந்தக் கறுப்புச் சட்டைப் படத்தைப் போட்டு, கீழே கனவு, வெறி, பசி என்று ஒரு வாசகத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். மனிதர் இறந்தது 2011இல் இதே நாளில். இத்தனை வருடம் கழித்தும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் கடை வைத்திருப்பவர் அவரை நினைக்கிறார் என்றால் சும்மா இல்லை. அதை நான் கிண்டல் செய்யவில்லை.

ஆனால் என் தொழில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடுவது, பார்ட்னர்ஷிப் டீடு எழுதிக் கொடுப்பது, வருடக் கடைசியில் லாப நஷ்டக் கணக்கு எடுப்பது. ஸ்டேட்டஸ் போடுகிற பலருடைய பில் கட்டும் என் மேசைக்குத்தான் வருகிறது. அந்த பில்களைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். மேடையில் நின்று போனைத் தூக்கிக் காட்டிய ஜாப்ஸ் மட்டும்தான் நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறார். கடன் நாள், தேங்கின சரக்கு, கூட்டாளி பாகம் என்று மண்டையை உடைத்துக்கொண்ட ஜாப்ஸ் ஓசூர் எல்லையைக்கூட இன்னும் தாண்டவில்லை. சின்ன வியாபாரிக்கு அவர்தான் சொந்தக்காரர்.

ஆப்பிள் கம்ப்யூட்டர் கம்பெனியை கேரேஜில் ஆரம்பித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். சரக்கு வாங்க முதல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1976இல் ஜாப்ஸுக்கு 21 வயது, கூட்டாளி ஸ்டீவ் வோஸ்னியாக்குக்கு 25. இவர் தன் வேனை விற்றார், அவர் தன் ஹெச்பி கால்குலேட்டரை விற்றார். அவ்வளவுதான் கைமுதல். மவுண்டன் வியூவில் பைட் ஷாப் என்று ஒரு கம்ப்யூட்டர் கடை. அதன் முதலாளி பால் டெரல், "கம்ப்யூட்டர் தனித்தனிப் பாகமாக வேண்டாம், பொருத்தி முடித்துக் கொடுத்தால் 50 எடுத்துக்கொள்கிறேன், ஒன்றுக்கு 500 டாலர், சரக்கு வந்ததும் காசு" என்ற மாதிரி பேசி முடித்தார். மொத்தம் 25,000 டாலர் ஆர்டர். பாகம் வாங்கக் கையில் காசு இல்லை.

இங்கேதான் எனக்கு ஜாப்ஸைப் பிடிக்க ஆரம்பிக்கிறது. எலெக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் இடத்துக்குப் போய், "எனக்கு இப்படி ஒரு ஆர்டர் இருக்கிறது, வேண்டுமானால் டெரலிடமே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, 30 நாள் கடனில் சரக்கு எடுத்தார். வீட்டிலேயே வேலை நடந்தது. தங்கை பேட்டியும் உட்கார்ந்து போர்டில் சிப் பொருத்தினார். கெடுவுக்குள் சரக்கு போனது, காசு வந்தது, கடன் அடைந்தது. டெரல் எதிர்பார்த்தது பெட்டி, கீபோர்டோடு முழுக் கம்ப்யூட்டர். போனது வெறும் போர்டு. முகம் சுளித்தாலும் பேசிய காசைக் கொடுத்துவிட்டார். ஆப்பிளின் கதையில் அந்த மனிதருக்கும் ஒரு மாலை போட வேண்டும்.

இதில் தொலைநோக்கு, புரட்சி ஒன்றும் கிடையாது. நம் பக்கத்தில் எத்தனையோ பேர் செய்கிற வேலைதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று: எடுத்துக்கொள்ள ஆள் முதலில், கடன் அப்புறம். நான் பார்க்கிற கணக்குகளில் பாதி தலைகீழ். சூரத்திலிருந்து தீபாவளிச் சரக்கு 60 நாள், 90 நாள் கடனில் வந்து இறங்கிவிடும். யார் எடுப்பார் என்பது அந்த ஈஸ்வரனுக்கே வெளிச்சம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் போச்சு. பொங்கல் வரைக்கும் ஓட்டி, ஆடித் தள்ளுபடியில் அடக்க விலைக்கும் கீழே தள்ளி, அந்தப் பார்ட்டிக்குக் கொடுக்க இன்னொரு பார்ட்டியிடம் வாங்கி... ஜவுளிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அதே 1976 ஏப்ரலில் ஆப்பிளுக்கு மூன்றாவதாக ஒரு கூட்டாளி இருந்தார். ரொனால்ட் வெய்ன். பார்ட்னர்ஷிப் ஒப்பந்தத்தை எழுதியவரே அவர்தான். 10 சதவீதப் பாகம். 12 நாளில் விலகிக்கொண்டார், 800 டாலர் வாங்கிக்கொண்டு. மீம் பக்கங்களில் 'உலகத்திலேயே துரதிர்ஷ்டசாலி' என்று இவரைப் போட்டு ஓட்டுவார்கள். டீடு எழுதுகிறவன் என்ற முறையில் நான் வெய்ன் கட்சி. கூட்டுத் தொழிலில் கம்பெனி கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தன் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. அங்கேயும் அப்படித்தான், இங்கே 1932ஆம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டப்படியும் அப்படித்தான். ஜாப்ஸிடமும் வோஸ்னியாக்கிடமும் பிடுங்க ஒன்றுமில்லை. வெய்னிடம் மட்டும்தான் சொத்து இருந்தது. முன்பே ஒரு தொழிலில் அடிபட்டவர் வேறு. கடன்காரன் வந்தால் நேராக இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டியிருப்பான். அந்த இடத்தில் அந்த முடிவு சரிதான். மச்சான் கூப்பிட்டார், சிநேகிதன் கூப்பிட்டான் என்று படிக்காமல் கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு நான் சொல்கிற கதை வெய்னுடையது. "அப்ப போட வேண்டாங்கறீங்களா சார்?" என்பார்கள். போடு, ஆனால் எதற்கெல்லாம் போடுகிறாய் என்று தெரிந்து போடு.

சரி, 1997க்கு வருவோம். ஜாப்ஸ் 1985இல் வெளியேறி, 12 வருடம் கழித்துத் திரும்பி வருகிறார். அந்த வருடக் கணக்கில் ஆப்பிளுக்கு 100 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். எத்தனை மாடல் கம்ப்யூட்டர் விற்கிறோம், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று உள்ளே இருப்பவர்களுக்கே சொல்லத் தெரியவில்லை. ஜாப்ஸ் போர்டில் நான்கு கட்டம் போட்டார். வீட்டுக்காரருக்கு இரண்டு, தொழில்காரருக்கு இரண்டு; ஒவ்வொருவருக்கும் மேசையில் வைப்பது ஒன்று, தூக்கிப் போவது ஒன்று. மற்றதெல்லாம் போகட்டும் என்றார். பிரிண்டர் போனது. நியூட்டன் என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போனது, அதை வைத்திருந்தவர்கள் போராட்டமே நடத்தினார்கள். அடுத்த வருடம் சரக்கு நிர்வாகத்தைப் பார்க்க டிம் குக் வந்து, மாதக் கணக்கில் கிடங்கில் கிடந்த சரக்கை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தார். 1998 கணக்கில் 30 கோடி டாலர் லாபம். ஐபாட், ஐபோன் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

தர்மபுரியில் நேதாஜி பைபாஸ் பக்கம் ஒரு பேக்கரி, எனக்கு வேண்டியவர். கண்ணாடி அலமாரி ஒரு முனையிலிருந்து மறு முனை வரை. ஹனி கேக், ஜாம் ரோல், தேங்காய் பன், கிரீம் பன், வர்க்கி, நாலு வகை ரஸ்க், பத்து வகைக் காரம், பால் ஸ்வீட் ஒரு பக்கம், நெய் ஸ்வீட் ஒரு பக்கம். வியாபாரம் நன்றாக நடக்கிறது, காசு மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்பார். ஒரு நாள் பில் மெஷினிலிருந்து ஐட்டம் வாரியாகக் கணக்கை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்தோம். டீ, பன், எக் பப்ஸ், பிறந்தநாள் கேக். கடையைத் தூக்கி நிறுத்துவது இந்த நாலுதான். பால் ஸ்வீட்டில் பாதி மூன்றாம் நாள் குப்பைக்குப் போகிறது. அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை, ஏனென்றால் அதற்கு பில் கிடையாது. சர்க்கரை, நெய், கேஸ், மாஸ்டர் கூலி என்று வேறு வேறு பெயரில் ஒளிந்து கிடக்கிறது.

"அண்ணா, இந்த ரெண்டு வரிசையை எடுத்துடலாமே" என்றேன்.

"அட நீங்க வேற. கண்ணாடி நிறைஞ்சு இருந்தாத்தான் கடை களை கட்டும். காலியா இருந்தா கடை படுத்துடுச்சுன்னு ஊரு பேசும்."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாஸ்டர் வேறு, தனக்குத்தான் வேலை போகப்போகிறது என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் அண்ணிதான் முடிவு செய்தார். குப்பைக்குப் போவதைத் தினமும் பார்க்கிறவர் அவர்தானே. பால் ஸ்வீட்டைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் கேக் ஆர்டர் எடுக்க ஒரு சின்ன மேசை போட்டார்கள். லாபம் தெரிய ஆரம்பித்தது. தீபாவளி வந்தது, அண்ணன் பழையபடி எல்லா வரிசையையும் நிரப்பிவிட்டார்! பண்டிகை முடிந்ததும் எடுத்துவிட்டார் என்பது ஆறுதல். இந்த அண்ணன் ஜாப்ஸ் ஸ்டேட்டஸ் போடுகிற ஆள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கடைக்கும் இந்த வைத்தியம் செல்லாது. பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமத்து மளிகைக் கடையில் போய் நாலு கட்டம் போடு என்றால் கடையை மூட வேண்டியதுதான். அங்கே பொரிகடலையும் இருக்க வேண்டும், எலி மருந்தும் இருக்க வேண்டும், ரீசார்ஜும் போட வேண்டும், நோட்டில் கடனும் எழுத வேண்டும். வருடத்தில் இரண்டு முறை விற்கிற பொருளுக்காகத்தான் மற்ற நாளில் அந்த வீடு அங்கே வருகிறது. கலிபோர்னியாவில் வேலை செய்தது நமக்கும் செய்யும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவதைத்தான் அந்தக் கறுப்புச் சட்டைக் கோஷ்டி வளர்த்துவிட்டது.

அதில் எனக்கு மிகவும் கோபம் வரவைப்பது ஒரு வாசகம். மக்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் காட்டும் வரை அவர்களுக்கே தெரியாது என்று 1998இல் ஒரு பேட்டியில் ஜாப்ஸ் சொன்னார். தன்னம்பிக்கை வகுப்பு எடுப்பவர்கள் இதை ஓட்டல் ஹாலில் ஏசி போட்டு, கட்டணம் வாங்கிக்கொண்டு ஓதுகிறார்கள். பெங்களூரில் ஐடி வேலையை விட்டுவிட்டு வந்த ஒரு தம்பி, தர்மபுரியில் ராகி கஃபே திறந்தார். வெள்ளைச் சுவர், தொங்கும் விளக்கு, ராகி வாஃபிள், ராகி பீட்சா. முதலுக்கு அம்மாவின் நகை அடகில். பக்கத்துக் கடையில் யார் வருகிறார்கள், என்ன விலைக்குச் சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தாயா என்றேன். "சார், கஸ்டமருக்கு என்ன வேணும்னு கஸ்டமருக்கே தெரியாது" என்றார். ராகிக் களியும் கீரைக் குழம்பும் சாப்பிட்டு வளர்ந்த ஊரில், ராகியில் என்ன வேண்டும் என்று தெரியாதவன் ஒருத்தனைக் காட்ட முடியுமா? ஒரு வருடம் தாக்குப்பிடிக்கவில்லை. நல்ல பையன், உழைப்பாளி. அதனால்தான் வயிறு எரிகிறது.

அந்த வாசகத்தோடு யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. 1980இல் ஆப்பிள் 3 கம்ப்யூட்டரில் ஃபேன் வைத்தால் சத்தம் வரும், வேண்டாம் என்று அடம்பிடித்தார், மெஷின் சூடேறிப் படுத்தது. 1983இல் லிசா கம்ப்யூட்டர், விலை 9,995 டாலர், விலை போகவில்லை. 1988இல், ஆப்பிளை விட்டு வந்து தொடங்கிய கம்பெனியின் நெக்ஸ்ட் கம்ப்யூட்டர், 6,500 டாலர், அதுவும் எடுபடவில்லை. பிக்ஸார் என்ற அனிமேஷன் கம்பெனிக்கு வருடக் கணக்கில் கைக்காசை இறைத்தார். தாங்கினார், ஏனென்றால் ஆப்பிள் பங்கை விற்ற பணம் கோடி கோடியாக இருந்தது. நம் தம்பிக்கு இருந்தது அம்மாவின் ஆரம். அவருக்கு ஒரு தவறுதான் அனுமதி.

கடைசியாக, நம் மாவட்டத்துக்கே உரிய விஷயம். கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூடு தயாராகிறது. ஆயிரக்கணக்கில் பெண் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போகிறார்கள், அதை ஒட்டி விடுதி, மெஸ், வேன் என்று எத்தனையோ பேர் பிழைக்கிறார்கள். ஜாப்ஸின் சொத்து நம் மண்ணில் நேரடியாக இறங்கியிருப்பது இந்த வடிவில்தான். சந்தோஷம். ஆனால் 30 நாள் கடனில் ஆரம்பித்த அதே ஆப்பிள், இன்று வாடிக்கையாளரிடம் காசை முதலில் வாங்கிவிட்டுச் சரக்குக் கொடுத்தவருக்கு அப்புறம் கொடுக்கிற நிலையில் பல வருடமாக இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகள் ஆசையோடு பார்க்கும் வித்தை அது. அந்த வித்தையின் மறுமுனையில் ஒரு சின்னப் பட்டறை எப்போதும் இருக்கும்.

ஓசூர் சிப்காட்டில் லேத், சிஎன்சி வைத்து ஜாப் ஒர்க் செய்யும் ஒருவர் என்னிடம் கணக்குப் பார்க்கிறார். ஒரு பெரிய கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கிறார். பில் போட்டு 90 நாள், சில சமயம் 120 நாள். ஜிஎஸ்டியை மட்டும் அடுத்த மாதமே கட்டியாக வேண்டும், காசு வந்தாலும் வராவிட்டாலும். 2006ஆம் வருடக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் (எம்எஸ்எம்இ) சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. யார் கேட்பார்? கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. 2023-24 கணக்கு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தார்கள்: குறு, சிறு தொழிலுக்குக் கெடு தாண்டிக் கொடுத்தால், கொடுக்கிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இதற்குச் சிறு தொழில்காரர் வாய் திறக்கத் தேவையில்லை, வாங்குகிறவரின் ஆடிட்டரே அவசரப்படுத்துவார். இவருக்கும் கொஞ்சம் சீக்கிரம் வர ஆரம்பித்தது. சிறு தொழில் என்று அரசிடம் செய்துவைக்கும் உத்யம் பதிவு இவரிடம் இருந்ததால்தான் இது. அப்புறம் வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு போன்: "அந்த உத்யம் பதிவை கேன்சல் பண்ணிட முடியுமா?"

முடியாது என்று சொல்லச் சொன்னேன். சொல்லியிருக்கிறார். ஆர்டர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் குறைவாக.

இந்த 45 நாள் பாதுகாப்பு உற்பத்தி, சேவை செய்பவர்களுக்கு மட்டும். வாங்கி விற்கிற பர்கூர் ஜவுளி அண்ணன்களுக்குக் கிடையாது. பட்டறை, மாம்பழக் கூழ் கம்பெனி, தையல் யூனிட், மசாலா அரைப்பவர்கள் எல்லோரும் உத்யம் போட்டுவிடுங்கள். ஆதார், பான், ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் அந்த எண்ணும் இருந்தால் போதும், அரசு தளத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. யாராவது இரண்டாயிரம், மூவாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள், என் ஆபீஸ் பெயரைச் சொல்லிக் கேட்டாலும்.