பத்து நாள் லேகியமும் 74 நாள் கணக்கும்
அண்ணா, "காட்பாடியில விக்கிற லேகியம் பத்து நாள்ல விந்தணுவை இரட்டிப்பாக்கும், கனடா விஞ்ஞானி கிளெர்மோன் ஆராய்ச்சியே ஆதாரம், என் நண்பருக்கே ரெண்டாவது ரிப்போர்ட்ல எண்ணிக்கை ஏறிடுச்சு"னு போட்டிருக்கீங்க. அவர் ஆராய்ச்சி சொல்றது நேர்மாறு. மெக்கில் பல்கலைக்கழகத்துல எலியோட விந்தணு வளர்ச்சியைக் கட்டம் கட்டமாப் பிரிச்சுப் பார்த்த மனுஷன் அவர். 1960-கள்ல ஹெல்லர்ங்கற ஆராய்ச்சியாளரோட சேர்ந்து, கதிரியக்கத் தைமிடினை (செல் பெருகும்போது டி.என்.ஏ-வுல சேர்ற பொருள்) அடையாளமா வச்சு மனுஷனுக்குக் கணக்கு போட்டார்: ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள். அப்புறம் அது முதிர்ந்து வெளிவர இன்னும் சில நாள். அதனாலதான் சிகிச்சை ஆரம்பிச்சா மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க.

உங்க நண்பரோட ரெண்டாவது ரிப்போர்ட்ல எண்ணிக்கை ஏறியிருக்கலாம், பொய்னு சொல்லல. ஆனா ஒரே ஆளுக்கே தடவைக்குத் தடவை நிறைய ஏறி இறங்கும். டெஸ்டுக்கு முன்னாடி எத்தனை நாள் விந்து வெளியேறாம இருந்தார்ங்கறதைப் பொறுத்தும் மாறும். முதல் டெஸ்டுக்கு முந்தின ரெண்டு மூணு மாசத்துல நல்ல காய்ச்சல் வந்துச்சான்னும் கேளுங்க; காய்ச்சல் எண்ணிக்கையைத் தற்காலிகமாக் குறைக்கலாம், அப்புறம் அது தானாவே ஏறும்.