9 டன் பெருசா 10 டன் பெருசா?

உங்க பதிவுல, விம்ங்கிற டெக்ஸ்ட் எடிட்டர்ல ஜாப்_ஸ்டார்ட்ங்கிற ஃபங்ஷன் போட்டு பின்னணில புரோகிராம் ஓட்றத நல்லா எழுதிருக்கீங்க சார், ஆனா அங்கருந்து திரும்பி வர்ற டேட்டா என்ன டைப்னு (எழுத்தா, எண்ணான்னு) ஒரு வரி கூட இல்ல, அதுலதான் நான் ஒரு நாள் முழுக்க மாட்டிக்கிட்டேன். நான் கிருஷ்ணகிரில மாங்கா மண்டில கணக்கு பாக்கறேன், சீசன்ல பெங்களூரா ரக மாங்கா லோடு எடையெல்லாம் ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஏத்தி, ஒரு ஸ்கிரிப்ட்ட ஜாப்பா ஓட்டி, பெரிய லோடு எதுன்னு அவுட்_சிபில (ஜாப்லருந்து டேட்டா வந்ததும் விம் கூப்பிடற ஃபங்ஷன்) பாத்தேன். 10 டன் வண்டி நிக்கும்போது 9 டன் வண்டிதான் பெருசுன்னு சொல்லுச்சு! அவுட்_சிபிக்கு சாதாரணமா ஒவ்வொரு வரியும் ஸ்ட்ரிங்கா, அதாவது வெறும் எழுத்தாதான் வருது, ரெண்டு பக்கமும் ஸ்ட்ரிங்னா எழுத்து எழுத்தாதான் ஒப்பிடும், 1ஐ விட 9 பெருசு, கதை முடிஞ்சுது. சரின்னு ஸ்ட்ரிங்க முழு எண்ணாக்குற ஸ்ட்ர்2என்ஆர் போட்டேன், 12.5 டன் 12 ஆயிடுச்சு, அர டன் மாங்கா காத்துல போச்சு 😀 ஃப்ளோட்டா, அதாவது தசம எண்ணா மாத்துற ஸ்ட்ர்2ஃப்ளோட் போட்டப்புறம்தான் சரியாச்சு.

இன்னொண்ணு, நீங்க மொத்தத்த எக்ஸிட்_சிபில, அதாவது ஜாப் முடிஞ்சதும் ஓடற ஃபங்ஷன்ல, கூட்றீங்க. அது ஓடும்போது கடைசி சில வரி இன்னும் வந்து சேராம இருக்கலாம். ஜாப்போட சேனல் மூடும்போது ஓடற க்ளோஸ்_சிபில வைங்க, வர வேண்டியதெல்லாம் வந்தப்புறம்தான் அது ஓடும். விம் 9 ஸ்கிரிப்ட்ல எடை ஃப்ளோட்னு முன்னாடியே அறிவிச்சிட்டா ஸ்ட்ரிங்க உள்ள விடாது, எரர் அடிச்சிடும், ஆனா எங்க மண்டி லேப்டாப்ல இன்னும் விம் 8 தான், ஓனர்கிட்ட கேட்டா சீசன் முடியட்டும்பா ன்றாரு.